ஆறாம் வகுப்பில் விடுதிப் பள்ளி: நான்காம் வகுப்பிலேயே என்ன செய்யலாம்?

கொளத்தூரிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகன் நான்காம் வகுப்பு, பிறந்தது ஆகஸ்ட் 2016. ஜூன் 2027ல் ஆறாம் வகுப்புக்கு விடுதிப் பள்ளியில் சேர்க்க ஆசை. கணவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் வேலை, இவருக்கும் வேலை. தாத்தா ராணுவத்தில் இருந்தவர் என்பதால், பிள்ளைகளை ராணுவ அதிகாரிகளாகத் தயார்செய்யும் சைனிக் பள்ளி மேல் ஒரு கண். ஊட்டி, கொடைக்கானல் பக்கமும் ஒரு கண். இப்போதே தொடங்குவது அதிகப்படியா, கோச்சிங் சேர்க்க வேண்டுமா, எவ்வளவு செலவாகும் என்பவை கேள்விகள். கடைசியில், கொஞ்சம் தயங்கியபடி, "அவன் இன்னும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறான், பரவாயில்லையா?" என்றும் கேட்டிருக்கிறார்.

மலைப்பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றில் பதினாறு ஆண்டுகள் ஆசிரியராகவும் வார்டனாகவும் இருந்தவன் நான். இப்போது நங்கநல்லூரில் ஓய்வு. என் மகளும் விடுதியில் படித்தவள்தான். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

இப்போதே தொடங்குவது அதிகப்படி இல்லை. ஆனால் நீங்கள் கோச்சிங்கில் தொடங்கப் பார்க்கிறீர்கள், அது கடைசியில் வர வேண்டியது. முதலில் பிறந்த தேதி, அடுத்து காகிதங்கள், அதற்கு அடுத்து பையன், அப்புறம்தான் கோச்சிங்.

பிறந்த தேதியிலிருந்து வருவோம். சைனிக் பள்ளி ஆறாம் வகுப்புக்கு, சேரும் ஆண்டின் மார்ச் 31 அன்று பத்து வயது நிரம்பியிருக்க வேண்டும், பன்னிரண்டைத் தாண்டக்கூடாது. உங்கள் மகனுக்கு 31 மார்ச் 2027ல் பத்து வயது ஏழு மாதம் ஆகியிருக்கும். பொருத்தம். அந்த ஆண்டு கிடைக்காமல் போனால் 2028லும் வயது இடம் கொடுக்கும், ஆனால் ஆறாம் வகுப்பையே இரண்டாம் முறை படிக்க வேண்டிவரும். அதற்கு மனம் ஒப்புமா என்பதை இப்போதே வீட்டில் பேசி வையுங்கள். தேர்வு முடிவு வந்த இரவில் பேசினால் அழுகையில்தான் முடியும்.

தமிழ்நாட்டில் நெடுங்காலமாக இருக்கிற சைனிக் பள்ளி, உடுமலைப்பேட்டைக்கு அருகே அமராவதிநகரில் உள்ளது. தொடங்கியது 1962ல். நுழைவுத் தேர்வை நாடு முழுவதற்கும் தேசியத் தேர்வு முகமை, அதாவது என்.டி.ஏ. நடத்துகிறது. சென்னையிலேயே எழுதலாம். ஆறாம் வகுப்புத் தாளைத் தமிழிலும் எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. 125 கேள்விகள், 300 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். இதில் கணக்குக்கு மட்டும் 150. மீதி மொழி, பொது அறிவு, நுண்ணறிவு மூன்றுக்கும் தலா 50. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, அதனால் எதையும் விடாமல் நிரப்பப் பழக்குங்கள். ஒவ்வொரு பகுதியிலும் 25 சதவீதமும் மொத்தத்தில் 40 சதவீதமும் எடுத்தால்தான் தகுதி. எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு இந்த வரம்பு இல்லை. தகுதி பெறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு. இடத்துக்கு இதைவிட மிக அதிகம் வேண்டும். இடங்களில் 67 சதவீதம் பள்ளி இருக்கும் மாநிலத்தின் பிள்ளைகளுக்கு. அடுத்து மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. கண், காது, பல் எல்லாம் பார்ப்பார்கள். இந்தக் கோடை விடுமுறையில் கண்ணையும் பல்லையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

தேர்வுத் தேதியை நம்பி வீட்டுத் திருமணத் தேதி குறிக்காதீர்கள். 2025ல் தேர்வு ஏப்ரல் 5 அன்று நடந்தது, 2026ல் ஜனவரி 18 அன்றே முடிந்துவிட்டது. விண்ணப்பம் திறப்பதும் அதற்கேற்ப நகரும். 2027 சேர்க்கைக்கு செப்டம்பர் 2026லிருந்தே வாரம் ஒருமுறை என்.டி.ஏ. தளத்தைப் பாருங்கள்.

தாத்தா விஷயம். ராணுவத்தினர் ஒதுக்கீடு பணியில் இருப்பவர், ஓய்வு பெற்றவர் ஆகியோரின் பிள்ளைகளுக்குத்தான், பேரப்பிள்ளைகளுக்கு இல்லை. தாத்தாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். அவர் நண்பர்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருப்பார்.

இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. டேராடூனில் 1922ல் தொடங்கிய ராஷ்ட்ரிய இந்திய ராணுவக் கல்லூரி. பெயரில்தான் கல்லூரி, சேருவது எட்டாம் வகுப்பில். சேரும் நாளில் வயது பதினொன்றரைக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு தேர்வு, ஜூனில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. நம் மாநிலத்தில் அதை டி.என்.பி.எஸ்.சி. சென்னையில் நடத்துகிறது. உங்கள் மகனின் பிறந்த தேதிக்கு டிசம்பர் 2027, ஜூன் 2028, டிசம்பர் 2028 என மூன்று தேர்வுகளுக்கு வயது பொருந்தும். ஆனால் ஒரு தவணைக்குத் தமிழ்நாட்டுக்குக் கிடைப்பது ஓரிரு இடம்தான். எழுதிப் பார்க்கலாம், அதையே நம்பி இருக்கக் கூடாது.

மத்திய அரசின் விடுதிப் பள்ளியான நவோதயா பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள். அதில் சேர அந்தந்த மாவட்டத்தில் வசித்து அங்கேயே ஐந்தாம் வகுப்பு படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அந்தப் பள்ளி இல்லை. மும்மொழி விவகாரத்தில் நின்றுபோன கதை அது. புதுச்சேரியில் இருக்கிறது, ஆனால் கொளத்தூர் பையனுக்கு அது உதவாது.

இனி காகிதங்கள். இதில் சறுக்கியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பையன் கணக்கில் புலி, ஆனால் பிறப்புச் சான்றிதழில் பெயரே இல்லை. நம் ஊரில் குழந்தை பிறந்ததும் பெயரில்லாமல் பதிவு செய்துவிட்டு, அப்புறம் சேர்க்கலாம் என்று விட்டுவிடுவது வழக்கம். பதினைந்து வயது வரை பெயர் சேர்க்கலாம், ஆனால் விண்ணப்பம் முடிய நான்கு நாள் இருக்கும்போது மாநகராட்சி அலுவலகத்தில் போய் நிற்கக்கூடாது. சென்னையில் பிறந்த குழந்தை என்றால் மாநகராட்சித் தளத்திலேயே சான்றிதழைப் பதிவிறக்கலாம். இன்று இரவே எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் இனிஷியல். இது தமிழனுக்கே உரிய தலைவலி. பிறப்புச் சான்றிதழில் "கதிரவன்", ஆதாரில் "கதிரவன் எஸ்", பள்ளிப் பதிவேட்டில் "எஸ்.கதிரவன்", பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அதில் அப்பா பெயர் குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கும். டெல்லியிலிருந்து வரும் படிவத்துக்கு இவர்கள் நான்கு வெவ்வேறு பிள்ளைகள். எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவர ஆதார் மையம், பள்ளி அலுவலகம் என்று அலைந்தால் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். அதனால்தான் இப்போதே தொடங்கச் சொல்கிறேன்.

நேட்டிவிட்டி சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடலாம். சாதிச் சான்றில் ஒரு நுணுக்கம் உண்டு. நம் மாநில பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மட்டும் மத்திய அரசுத் தேர்வுகளுக்குப் போதாது. ஓ.பி.சி. ஒதுக்கீடு கேட்டால் மத்திய அரசு வடிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும், அதில் கிரீமி லேயர், அதாவது வருமான வரம்பைத் தாண்டிய வசதியான பிரிவு, இல்லை என்று இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதியும் மத்தியப் பட்டியலில் இருப்பதில்லை. முதலில் அதைப் பாருங்கள். இந்தச் சான்றிதழ் வருமானத்தைப் பொறுத்தது என்பதால் மிகப் பழையது செல்லாமல் போகும். இது ஒன்றை மட்டும் விண்ணப்பிக்கும் ஆண்டிலேயே வாங்குங்கள்.

மலைப்பள்ளிகளின் கணக்கு முற்றிலும் வேறு. லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858ல் தொடங்கியது, கொடைக்கானல் இன்டர்நேஷனல் 1901ல், ஏற்காடு மான்ட்போர்ட் 1917ல். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷிவேலி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி நாட்காட்டி. பொதுவாகச் சேருவதற்கு ஓராண்டுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடும், பிறகு எழுத்துத் தேர்வு, குழந்தையோடும் பெற்றோரோடும் பேச்சு. சில பள்ளிகளில் ஆண்டே ஜூலை இறுதி, ஆகஸ்டில்தான் தொடங்கும், அதற்கேற்ப எல்லாத் தேதியும் தள்ளும். எந்தப் பள்ளிக்குமே "ஆறாம் வகுப்பில் எத்தனை புது இடங்கள்?" என்று முதலில் எழுதிக் கேளுங்கள். ஐந்திலேயே நிரப்பிவிட்டு ஆறில் காலியிடத்துக்கு மட்டும் எடுக்கும் பள்ளிகளில் உங்கள் திட்டம் ஓராண்டு பிந்திவிட்டதாக அர்த்தம்.

பள்ளியைப் பார்க்கப் போவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மே மாதம் போகாதீர்கள். மே மாதத்தில் ஊட்டி எல்லோருக்கும் பிடிக்கும். பெரும்பாலான பள்ளிகளில் விடுமுறை, பிள்ளைகளே இருக்க மாட்டார்கள், போதாக்குறைக்குக் காருக்கு இ-பாஸ் வேறு எடுக்க வேண்டும். ஆகஸ்டில் போங்கள். விடாத மழை, மூடுபனி, காயாத சாக்ஸ். அந்தக் குளிரில் வெந்நீர் வருகிறதா, துணி எங்கே உலர்த்துகிறார்கள், இருமுகிற பிள்ளை யாரிடம் போகிறான் என்பது அப்போதுதான் தெரியும். வரவேற்பறையில் காட்டும் கோப்பைகளை ஒரு நிமிடம் பார்த்தால் போதும். மாலை ஐந்து மணிக்கு மெஸ் பக்கம் நில்லுங்கள். சின்னப் பையன்கள் பெரிய பையன்களைக் கண்டதும் ஒதுங்குகிறார்களா, தோளில் தொங்குகிறார்களா என்று பாருங்கள். நான் வார்டனாக இருந்தவன் என்பதால் சொல்கிறேன், வெள்ளையடித்து மறைக்க முடியாத ஒரே விஷயம் அதுதான்.

கேட்க வேண்டியவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஒரு வார்டனுக்கு எத்தனை பிள்ளைகள்? இரவில் அதே கூடத்தில் பெரியவர் யார் தூங்குகிறார்? சிக் ரூமில் இரவு நர்ஸ் உண்டா? போன் வாரத்துக்கு எத்தனை முறை, பக்கத்தில் ஆள் நிற்காமல் பேசலாமா? கடைசியாக ஒரு வார்டனை ஏன் மாற்றினீர்கள்? தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கு 2014ல் ஒரு தனிச் சட்டம் வந்தது, மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். அந்த உரிமத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால் முகம் சுளிக்கிற பள்ளி உங்களுக்கு வேண்டாம்.

தமிழ் உண்டா என்பதையும் கேளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை. வேறு மாநிலப் பள்ளியில் தமிழ் இரண்டாம் மொழியாக இல்லாவிட்டால் ஆறாம் வகுப்பில் இந்தியை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆறில் சமாளித்துவிடலாம், எட்டு ஒன்பதில் சிரமம். ஒன்பதாம் வகுப்பிலேயே சி.பி.எஸ்.இ. பதிவு நடந்துவிடுவதால் பத்தாம் வகுப்பில் பள்ளியோ பாடமோ மாற்றுவது பெரும்பாடு. மாற்றுவதாக இருந்தால் எட்டுக்குள் மாற்றிவிடுங்கள்.

போக்குவரத்தையும் பாருங்கள், ஏனென்றால் ஆண்டுக்கு ஆறேழு முறை நீங்கள்தான் போய்வரப் போகிறீர்கள். ஊட்டிக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். ஏற்காட்டுக்குச் சேலம் வரை ரயில். அமராவதிநகருக்குப் பழனி, உடுமலை வழியாகப் போகும் பாலக்காடு ரயில் இருக்கிறது. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. விடுமுறைத் தேதி கைக்கு வந்ததும் அறுபது நாள் பின்னோக்கி எண்ணி காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். தீபாவளிக்குப் பிள்ளையை அழைத்துவர டிக்கெட் இல்லாமல் கோயம்பேட்டிலும் கிளாம்பாக்கத்திலும் அலைந்த இரவுகள் எனக்கு உண்டு.

செலவு. ஐ.பி. எனப்படும் சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஆண்டுக்குப் பத்து லட்சத்தைச் சாதாரணமாகத் தாண்டும். சைனிக் பள்ளியில் அதில் ஒரு சிறு பகுதிதான், பெற்றோர் வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகையும் உண்டு. ஆனால் எந்தப் பள்ளியிலும் கட்டணத்தாளில் இருக்கிற தொகையோடு நிற்காது. திருப்பித் தரும் காப்புத்தொகை, திருப்பித் தராத சேர்க்கைக் கட்டணம், சீருடை, கம்பளி, சுற்றுலா, பாக்கெட் மணி, நீங்கள் போய்த் தங்கும் அறை வாடகை. கடந்த மூன்று ஆண்டுகளின் கட்டணத்தாளைக் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து, அதே வேகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏழு ஆண்டுக்குக் கூட்டிப் பாருங்கள். முதல் ஆண்டைச் சமாளித்து மூன்றாம் ஆண்டில் பிள்ளையைத் திரும்ப அழைத்துவருவதுதான் பிள்ளைக்கு வலி.

நானே ஏமாந்த கதை ஒன்று. பெயர் வேண்டாம். மகளுக்கு ஒரு பள்ளியில் "இடம் பிடித்து வைக்க" என்று ஒரு தொகை கட்டினேன். வேறு பள்ளியில் கிடைத்ததும் திரும்பக் கேட்டேன். ரசீதின் பின்பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில், திரும்பத் தரப்படமாட்டாது என்று இருந்தது. ஓர் ஆசிரியன் ரசீதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று என் மனைவி இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்வாள்.

சரி, கோச்சிங். சைனிக் தேர்வுக்குப் பத்து மாதப் பயிற்சி போதும். பின்னம், சராசரி, லாப நட்டம், தனிவட்டி, வேகம், தூரம், பரப்பளவு இவற்றைத் தினமும் நாற்பது நிமிடம். பழைய கேள்வித்தாள்களை ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பிப் பழகட்டும். பத்து வயதுப் பிள்ளைகள் விடை தெரிந்தும் ஒரு வரிசை தள்ளி நிரப்பிவிட்டு வருவார்கள். இதற்கு நீங்களோ கணவரோ உட்கார்ந்தாலே போதும். இருவருக்கும் நேரம் இல்லை என்றால் கோச்சிங் சேருங்கள், தப்பில்லை. ஆனால் விடுதியோடு சேர்ந்த கோச்சிங் என்று நான்காம் வகுப்பிலேயே கொண்டுபோய் விடாதீர்கள். மலைப்பள்ளிகளுக்கோ கோச்சிங்கே தேவையில்லை, தினமும் பத்துப் பக்கம் கதைப் புத்தகம் படிக்கிற பழக்கம்தான் அங்கே உதவும்.

மீதி நேரத்தைப் பையனுக்குக் கொடுங்கள். தானே குளிக்க, தலை துவட்ட, போர்வை மடிக்க, பக்கெட்டில் உள்ளாடை துவைக்க, ஷூ லேஸ் கட்ட, தட்டில் விழுந்த பாகற்காயை முகம் கோணாமல் சாப்பிட. முக்கியமாக, "எனக்கு உடம்பு முடியவில்லை" என்று அம்மா அல்லாத ஒரு பெரியவரிடம் வாய் திறந்து சொல்ல. என்னிடம் வந்த பிள்ளைகளில் மதிப்பெண் குறைந்தவர்கள் ஆறு மாதத்தில் தேறிவிட்டார்கள். காய்ச்சலை மறைத்துக்கொண்டு போர்வைக்குள் கிடந்தவர்களைத்தான் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது.

இந்த முழு ஆண்டு விடுமுறையில் இரண்டு வாரம் அவனை மட்டும் பெரியம்மா வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ விடுங்கள். நீங்கள் கூடப் போகக் கூடாது, தினமும் வீடியோ கால் கூடாது. மூன்றாம் நாள் அழுவான், ஆறாம் நாள் அங்கே இருக்கும் பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆடப் போய்விடுவான். பத்தாம் நாளும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தால் அவன் இன்னும் தயாராகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்பு தவறினால் சைனிக்கில் ஒன்பதாம் வகுப்புக்கும் தேர்வு உண்டு, அவசரம் இல்லை. அவனிடமும் கேளுங்கள். "உனக்கு அங்கே போகப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டால் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். "அங்கே போனால் எது உனக்குக் கஷ்டமாக இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள்.

இருவரும் வேலைக்குப் போகிறோம், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பது மட்டும்தான் காரணம் என்றால், பாட்டி வீட்டுப் பக்கம் குடிபோவதையும் ஒருமுறை யோசியுங்கள். அந்தக் காரணத்தை ஒரு குழந்தை சீக்கிரமே கண்டுபிடித்துவிடும்.

விளக்குக்கு வருகிறேன். பரவாயில்லை. எங்கள் கூடத்தில் ஆண்டுதோறும் நாலைந்து பேர் அப்படி வருவார்கள். தாழ்வாரத்து விளக்கு இரவு முழுக்க எரியும், கதவோரக் கட்டில் அவர்களுக்குத்தான். இப்போதைக்கு அறை விளக்கை அணைத்துவிட்டு வெளி விளக்கை மட்டும் விட்டுப் பாருங்கள், தலையணைக்கடியில் ஒரு சின்ன டார்ச் இருக்கட்டும். பெட்டி கட்டும்போது அந்த டார்ச்சையும் வைத்து அனுப்புங்கள், பேட்டரி இரண்டு அதிகமாக. துணி மாறாமலிருக்க விடுதியில் கொடுக்கும் தோபி நம்பரை டார்ச்சிலும் மறக்காமல் எழுதிவிடுங்கள், அங்கே முதலில் காணாமல் போவது டார்ச்தான்.